சபாரத்தினத்தாரின் சிவப்பு மருந்து

"மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில குடியுங்கோவன். சின்னப் பிள்ளையள் மாதிரி அடம்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்."

மனைவி தவநாயகி சில்வர் டம்ளரை நீட்டியபடி நின்றாள். டம்ளருக்குள் சிவப்பு வைன் இருந்தது.

சபாரத்தினம் சமையலறைக் கதிரையில், ஊசி போட வந்த நோயாளியைப் போலச் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் சீலை இழுத்து மூடப்பட்டிருந்தது. முன்கதவுக்குச் சங்கிலி போட்டாயிற்று. சாமியறைக் கதவையும் அவரே எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

"ஒரு கரண்டி சீனி போட்டுத் தாருமன்."

"சீனி கூடினா சலரோகம் வரும் எண்டு போன மாசப் பேப்பரில கிடந்தது."

"வைன் குடிச்சா கான்சர் வரும் எண்டு போன கிழமைப் பேப்பரில கிடந்தது. அதையும் நீர்தானே எனக்குச் சொன்னனீர்?"

இதற்கும் தவநாயகியிடம் விடை இருந்தது. "கான்சர் வாறதெண்டா ஆறுதலா வரும். ஹார்ட் அப்பிடியே? உங்கட அண்ணைக்குச் சொல்லிப்போட்டே வந்தது?"

சபாரத்தினம் டம்ளரைக் கையில் வாங்கினார். அவருடைய தமையன் கனடாவில் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவர், வழித்த கையோடு அப்படியே சரிந்துபோனார். ஒரு முட்டைகூடத் தொடாத மனிதர். வருகிற பங்குனியில் சபாரத்தினம் அந்தத் தமையன் போன வயதைத் தொடப்போகிறார். தவநாயகி அதை நினைத்து இரவில் எழுந்திருந்து அவருடைய மூச்சுக் கேட்கிறதா என்று காது வைத்துப் பார்ப்பது அவருக்குத் தெரியும். தெரியாதமாதிரிப் படுத்திருப்பார்.

அவர் மூக்கைப் பொத்தினார். கண்ணை மூடினார். "பிள்ளையாரே" என்றுவிட்டு விழுங்கினார்.

"எப்பிடி?"

"புளிச்சுப்போன நாவல்பழம் மாதிரிக் கிடக்கு."

"அப்ப மருந்துதான்" என்றாள் தவநாயகி திருப்தியாக.

சபாரத்தினம் யார் என்று தெரிந்தால்தான் இந்த ஒரு டம்ளரின் பாரம் விளங்கும். லண்டனில் செவன் கிங்ஸ் பக்கத்தில் பழைய கார்ப்பெட் கிடங்கு ஒன்றை வாங்கிச் சனங்கள் பிள்ளையாரைக் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். அந்தக் கோயிலின் செயலாளர் அவர். பகலில் கவுன்சிலில் பார்க்கிங் பகுதியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் கோயில். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர், மது தொடாதவர். அதைவிட முக்கியம், அதைப் பத்துப் பேருக்குச் சொல்லாமல் விடாதவர்.

கலியாண வீட்டில் அவர் வெறும் தண்ணீர் கேட்டு ஒருவரும் பார்த்ததில்லை. "மச்சமும் இல்லை, மதுவும் இல்லை, எனக்குப் பச்சைத் தண்ணி" என்றுதான் கேட்பார். இன்சூரன்ஸ் விற்க டெலிபோன் எடுத்த பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறார். அன்னதான வரிசையில் உடம்பு சுகம் விசாரித்துக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மண்டபத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி இங்கிலீசில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை யாரோ நம்பர் மாறி எடுத்துப் பிட்ஸா கேட்டபோது, அந்த அப்பாவிக்கும் முழு விவரம் சொல்லித்தான் போனை வைத்தார்.

இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பெயருக்குப் பலன் கிடைக்கும் காலம் நெருங்கியிருந்தது. அடுத்த வருடம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அப்போது தலைவராக இருப்பவரின் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதிப்பார்கள். தலைவரைத் தெரிவு செய்வது மாசி மாதப் பொதுக்கூட்டத்தில். சபாரத்தினத்துக்குப் போட்டியாக இருந்தவர் எதிர்வீட்டு யோகேஸ்வரன். கோயில் பொருளாளர். பெட்ரோல் ஷெட் வைத்திருந்தவர். வாய் நிறையச் சிரிக்கிறவர். ஒரு காலத்தில் போத்தலோடு நல்ல சிநேகம் வைத்திருந்தவர், நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தபிறகு மனைவி புனிதாவுக்கு வாக்குக் கொடுத்து அந்தச் சிநேகத்தை முறித்துக்கொண்டவர்.

"திருந்தின குடிகாரனோ, பிறவியிலேயே சுத்தமானவனோ எண்டு சனத்துக்குத் தெரியாதே?" என்று சபாரத்தினம் தெம்பாக இருந்தார். கல்லில் தன் பெயர் எப்படி அமையும் என்று வேலை நேரத்தில் மேசை விரிப்பில் விரலால் எழுதிப் பார்ப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆராய்ச்சி வந்து விழுந்தது.

மகள் விதுஷா பார்மசி படிக்கிறவள். ரயிலில் யாரோ விட்டுப்போன இலவசப் பேப்பர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தாள்.

"அம்மா, லுக்! திஸ் இஸ் அபௌட் அஸ்! லண்டன் தமிழ்ஸ்!"

ஒரு பல்கலைக்கழகம் லண்டன் தமிழரைப் பிடித்து ஆராய்ந்திருந்தது. மச்சமும் மதுவும் அறவே தொடாத தமிழருக்கு, இரண்டையும் தொடுகிற மற்றச் சனத்தைவிட மூன்று மடங்கு மாரடைப்பாம். பிரஷரும் கொழுப்பும்கூட அப்படியாம். காரணம் சரியாகத் தெரியவில்லை. மீன் எண்ணெயும் சிவப்பு வைனும் இதயத்துக்குத் தரும் காவல் இவர்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கக்கூடும் என்று ஒரு பேராசிரியர் ஊகித்திருந்தார். பேராசிரியர் ஊகித்தது விதுஷாவின் வாயால் வந்து தவநாயகியின் காதில் ஏறும்போது டொக்டரின் கட்டளையாகிவிட்டது.

"உங்கட அண்ணையும் சுத்த சைவம். நீங்களும் சுத்த சைவம்" என்றாள் அவள். முகம் வெளிறிப்போயிருந்தது.

ஒரு சமாதானத்துக்காக இருவரும் டொக்டர் இளங்கோவனிடம் போனார்கள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நிதானமான மனிதர்.

"ஒரு ஆராய்ச்சிய வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. இன்னொன்னு வரட்டும், பார்ப்போம். அதுவரைக்கும் சார் வடையக் குறைச்சாப் போதும்."

"இன்னொண்டு வருமட்டும் இவர் இருக்கோணுமே டொக்டர்?" என்றாள் தவநாயகி.

டொக்டர் சிரித்தார். "சரி, ஒரு சின்ன கிளாஸ் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது" என்று சொன்னார். சொன்னதுதான் தாமதம், தவநாயகி அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆக, மருந்து தொடங்கியது. நாளுக்கு ஒரு டம்ளர் வைன். மீனை வீட்டுக்குள் எடுக்க ஏலாது, ஏனென்றால் சதுர்த்திக்கு மோதகம் அவிப்பது அந்தச் சமையலறையில்தான். ஆகவே மீனுக்குப் பதிலாக மீனெண்ணெய்க் குளிசை, நாளுக்கு ஒரு மாத்திரை. முதல் கிழமை சபாரத்தினம் மூக்கைப் பொத்திக் குடித்தார். இரண்டாம் கிழமை மூக்கை விட்டுவிட்டார். மூன்றாம் கிழமை தவநாயகி டம்ளரைக் கொண்டுவரப் பிந்தினால், "இஞ்சாரும், மருந்து நேரம் எல்லே?" என்று அவரே ஞாபகப்படுத்தினார்.

சிக்கல் வெறும் போத்தலில் தொடங்கியது.

கவுன்சில் அப்போதுதான் போத்தலும் பேப்பரும் போட வீட்டுக்கு வீடு ஒரு மூடியில்லாத பெட்டி கொடுத்திருந்தது. கிழமைக்கு ஒருமுறை அதை வாசலில் வைக்கவேண்டும். ஒரு குடும்பம் என்ன தின்கிறது, என்ன குடிக்கிறது என்பது தெருவுக்கே காட்சியாகும். சபாரத்தினத்தார் வீட்டுப் பெட்டியில் இதுவரை நல்லெண்ணெய்ப் போத்தலும் ஊறுகாய்ப் போத்தலும்தான் இருந்தன. வைன் போத்தல்கள் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒளிந்திருந்தன. கார்த்திகை விளக்கீட்டுக்குச் சொந்தக்காரர் வரப்போகிறார்கள் என்றதும், "உதுகளை எங்கையாவது கொண்டுபோய்த் துலையுங்கோ" என்றாள் தவநாயகி.

சபாரத்தினம் வாசலில் நின்று யோசித்தார். எதிரே யோகேஸ்வரன் வீட்டுப் பெட்டி இருந்தது. குடித்துப் பழகிய மனிதரின் பெட்டி. அதில் போத்தல் கிடந்தால் குப்பைக்காரன்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். சந்தடியில்லாத நேரம் பார்த்துத் தெருவைக் கடந்தார், போத்தல்களைப் பேப்பருக்குக் கீழே அடுக்கினார், பாவம் தொலைந்தது என்று திரும்பி வந்தார்.

காலையில் வாசல் மணி அடித்தது. புனிதா அழுது வீங்கிய கண்ணோடு நின்றாள். கையில் ஒரு போத்தல்.

"அண்ணை, உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? இவர் திரும்பவும் தொடங்கீட்டார். எங்கட பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறார். பாருங்கோ, சிலி நாட்டுச் சாராயம்."

"அது சிலி இல்லைப் பிள்ளை, பிரான்ஸ்" என்றார் சபாரத்தினம்.

புனிதா அழுகையை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?"

"லேபிளில சேவல் கிடக்குதே. பிரான்ஸ்காரன்தான் சேவல் போடுறவன். பொது அறிவு."

உள்ளே தவநாயகி ஒரு பாத்திரத்தைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"நீங்கள்தான் அண்ணை கேக்கோணும். நான் கேட்டா, அம்மாளாணைத் தொடேல்லை எண்டு நிண்ட நிலையில பொய் சொல்லுறார். கோயிலில வைச்சுக் கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கோ. உங்களை மாதிரி ஒரு சுத்தமான ஆள் முன்னால நிண்டா அவருக்குப் பொய் வராது."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் ஐயர் தட்டில் கற்பூரம் கொளுத்தினார். ஒரு பக்கம் யோகேஸ்வரன், மறுபக்கம் சபாரத்தினம், சுற்றிவரச் சனம்.

"பைபாசுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டிருந்தா இந்தக் கை அவியட்டும்" என்று யோகேஸ்வரன் நெருப்பில் உள்ளங்கையை அடித்து அணைத்தார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப போத்தல் கால் முளைச்சு நடந்து வந்ததோ?" என்றாள் புனிதா.

நடந்து வந்த காலுக்குச் சொந்தக்காரர் பிள்ளையாரைப் பார்க்கமுடியாமல் மூஞ்சூறைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சத்தமில்லாமல் ஓர் ஏப்பம் வெளியே வந்தது. மீனெண்ணெய்க் குளிசையின் ஏப்பம். கற்பூர வாசத்துக்கு நடுவில் கீரிமீன் சந்தையே வந்து இறங்கியதுபோல் ஆயிற்று.

சனம் மூக்கைச் சுளித்தது. பிறகு எல்லோரும் ஒருசேர யோகேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"குடி போதாதெண்டு, மச்சமும் திண்டுபோட்டுக் கோயிலுக்கு வந்திருக்கிறார்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அதோடு யோகேஸ்வரனின் கதை முடிந்தது. அடுத்த நாளே தலைவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். அன்று பின்னேரம் தெருவைக் கடந்து வந்து சபாரத்தினத்தின் வாசலில் நின்றார். அந்த வாய் நிறைந்த சிரிப்பைக் காணவில்லை.

"அண்ணை, நீங்களாவது நம்புறியளோ, நான் குடிக்கேல்லை எண்டு?"

"நம்புறன்" என்றார் சபாரத்தினம். அதைப்போல ஓர் உண்மையை அவர் ஆயுளில் சொன்னதில்லை.

யோகேஸ்வரனின் கண் கலங்கிவிட்டது. "இந்த லண்டனில என்னை நம்புற ஒரே மனுசன் நீங்கள்தான் அண்ணை. நீங்கள்தான் தலைவரா வரோணும்." இரண்டு கைகளையும் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சபாரத்தினத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, வேறு சொல் இல்லை. போட்டியில் வென்றது தானல்ல, தன் போத்தல்தான் என்பது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மருந்தை விட்டுவிடுகிறேன் என்றார். தவநாயகி அழுதாள். தமையனின் பெயரைச் சொல்லி அழுதாள். மருந்து தொடர்ந்தது.

இனிமேல் அந்தப் பக்கத்தில் வாங்குவதுமில்லை, எறிவதுமில்லை என்று முடிவாயிற்று. தேவாரம் படிப்பிக்கிற ரீச்சர், சூப்பர் மார்க்கெட்டில் போத்தலும் கையுமாக நின்ற தவநாயகியைக் கண்டு, "கேக்குக்கு" என்று அவள் சமாளித்து, அதற்காக நத்தார்ப் பண்டிகைக்கு ரீச்சர் வீட்டுக்கு ஒரு கேக் அடித்துக் கொடுக்கவேண்டி வந்தது வேறு. ஆகவே சபாரத்தினம் லண்டனின் மறு கரைக்கு, சவுத்தாலுக்குப் போனார். அங்கே எல்லாம் பஞ்சாபிக் கடைகள். தன்னை யாருக்குத் தெரியும்?

பஞ்சாபிக் கடைக்குள் போனார், சேவல் போத்தலைத் தேடி எடுத்தார், கல்லாவில் வைத்தார், நிமிர்ந்தார்.

"அண்ணை! நீங்கள் பிள்ளையார் கோயில் செயலாளர் எல்லே?"

கல்லாவில் நின்றவன் பரமேஸ்வரன். மாதாமாதம் அன்னதானத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவன். லண்டனில் எந்த மதுக்கடைக் கல்லாவுக்குப் பின்னாலும் ஒரு தமிழன் நிற்பான் என்பது, மதுக்கடைக்கே போகாத சபாரத்தினத்துக்குத் தெரியாமல் போயிற்று.

"எனக்கில்லைத் தம்பி. எங்கட வெள்ளைக்கார மனேச்சருக்குப் பிறந்தநாள். பரிசு."

"ஓமோம், அதுதானே பாத்தன்" என்றான் பரமேஸ்வரன். முகத்தில் ஒரு சலனமில்லை. பளபளக்கும் தாளில் போத்தலைச் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தான்.

அடுத்தமுறை போனபோதும் மனேச்சருக்குப் பிறந்தநாள். அதற்கடுத்தமுறையும்.

"உங்கட மனேச்சர் கனதரம் பிறந்திருக்கிறார் போல" என்றான் பரமேஸ்வரன், ரிப்பனை முடிந்துகொண்டே. "வெறும் போத்தலையும் உங்களிட்டையே திருப்பித் தாறவரே?"

"அவர் சுற்றாடலில அக்கறையான ஆள்" என்று சபாரத்தினம் பையிலிருந்த வெறும் போத்தல்களை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

தையில் டொக்டர் இளங்கோவன் பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ஏறியிருக்கே சார். ஏதாவது மனக்கவலையா?"

சபாரத்தினம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். போத்தல் வாங்க ஒரு கவலை, ஒளிக்க ஒரு கவலை, ஏப்பத்துக்கு ஒரு கவலை, யோகேஸ்வரன் தெருவில் கண்டு கும்பிடும் ஒவ்வொரு முறையும் ஒரு கவலை.

"அப்ப ஒரு கிளாஸ் காணாது போல" என்றாள் தவநாயகி.

பொதுக்கூட்ட நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. சபாரத்தினம் அன்று காலையில்தான் சவுத்தாலுக்குப் போய்வந்திருந்தார், வீட்டுக்குப் போக நேரமில்லை. ரிப்பன் கட்டிய போத்தல் கோயில் பைக்குள் இருந்தது, பை கதிரைக்குக் கீழே இருந்தது. போட்டியில்லை. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். "மச்சமும் இல்லை, மதுவும் இல்லை, இப்பிடி ஒரு தலைவர் எங்களுக்குக் கிடைக்க நாங்கள் என்ன தவம் செய்தமோ" என்று ஒருவர் உருகினார். கைதட்ட எடுத்த நேரத்தில் இன்னொருவர் எழுந்தார்.

"அதோட ஒரு விசயம். கற்பூரத்தில பொய்ச் சத்தியம் செய்தவர் பொருளாளரா இருந்தா கும்பாபிஷேகம் விளங்காது. யோகேஸ்வரன் அதையும் விடோணும்."

யோகேஸ்வரன் மெல்ல எழுந்து வந்தார். இடுப்பிலிருந்து உண்டியல் பூட்டின் திறப்பை அவிழ்த்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டுச் சபாரத்தினத்தைப் பார்த்து, தன்னை நம்புகிற ஒரே மனிதரைப் பார்த்து, மெல்லியதாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க ஏலவில்லை. சபாரத்தினம் எழுந்தார். கதிரைக்குக் கீழே குனிந்து பையை எடுத்தார். பளபளக்கும் தாள் சுற்றிய போத்தலை உண்டியல் திறப்புக்குப் பக்கத்தில் வைத்து ரிப்பனை அவிழ்த்தார். சேவல் சனத்தைப் பார்த்தது.

"யோகேஸ்வரன் பெட்டியில கிடந்த போத்தல் என்ர. நான்தான் கொண்டுபோய் வைச்சனான்" என்றார். "அண்டைக்குக் கோயிலுக்குள்ள வந்த மீன் மணமும் என்ர. நாலு மாசமா நான் வைன் குடிக்கிறன். மீனெண்ணெயும் குடிக்கிறன். ருசிக்கில்லை, உயிர்ப் பயத்துக்கு. மச்சமும் மதுவும் தொடாத தமிழருக்குத்தான் மாரடைப்புக் கூட எண்டு ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சிருக்கினம். என்ர அண்ணையும் அப்பிடித்தான் போனவர். எனக்குத் தலைவர் பதவி வேண்டாம். கல்லும் வேண்டாம். யோகேஸ்வரன் செய்தது உண்மைச் சத்தியம். அவரை மன்னிச்சு... இல்லை, அவர்தான் எங்களை மன்னிக்கோணும்."

தவநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். புனிதா தன் புருஷனைப் பார்த்தாள், இத்தனை மாதமும் அவரைத் திட்டியதெல்லாம் அவள் முகத்தில் வந்து நின்றது. யோகேஸ்வரன் வாயைத் திறந்தபடி போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணை, உதை என்னட்டச் சொல்லியிருந்தா, பெட்டியை நானே தந்திருப்பனே" என்றார் கடைசியில், அழுகையும் சிரிப்புமாக.

சபாரத்தினம் எதிர்பார்த்தது கூச்சல். "இறங்கு" என்று நாலு பேர் கத்துவார்கள் என்று நினைத்தார். ஆனால் ஆண்கள் பக்கம் முழுவதும் என்னவோ குற்றம் செய்தவர்களைப்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் எழுந்து போகப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்.

கடைசி வரிசையில் பரமேஸ்வரன் எழுந்தான்.

"அண்ணை, அந்த ஆராய்ச்சியை எங்க வைச்சுச் செய்தவை எண்டு தெரியுமோ?"

"ஏதோ யூனிவர்சிட்டியில."

"இல்லை அண்ணை. இந்த மண்டபத்தில. செய்த பிள்ளை எங்கட கடைக்கு வாறது. பேப்பரில வந்த அண்டைக்குச் சந்தோசத்தில ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போனது. உங்களுக்கு ஞாபகம் இல்லையோ, ரெண்டு வருசத்துக்கு முதல் அன்னதான வரிசையில வந்து ஒவ்வொருத்தரா உடம்பு சுகம் விசாரிச்ச வெள்ளைக்காரப் பிள்ளை?"

சபாரத்தினத்துக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. "ஓம். பிரஷர் பாத்து, இரத்தமும் எடுத்தது."

"வரிசையில முதல் ஆளா நிண்டது ஆர் அண்ணை?"

"நான்தான்."

"என்ன சாப்பிடுவியள், குடிப்பியளோ எண்டு கேக்கேக்க, மச்சமும் இல்லை மதுவும் இல்லை எண்டு மண்டபம் அதிரச் சொன்னது ஆர்?"

"நான்தான்" என்றார் சபாரத்தினம். இந்த முறை குரல் கம்மியாக வந்தது.

பரமேஸ்வரன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, நெஞ்சின் நடுவே நீளமாக ஓடிய தையல் தழும்பைக் காட்டினான். அவனைச் சுற்றியிருந்த இரண்டு மூன்று பேருடைய கையும் தம்மையறியாமல் தங்கள் நெஞ்சுக்குப் போயிற்று.

"உங்களுக்குப் பின்னால, பிள்ளையாருக்கு முன்னால நிண்டுகொண்டு நாங்கள் வேற என்னத்தைச் சொல்லுறது? மச்சமும் மதுவும் விடாத நாங்கள் எல்லாரும் வாயால நீங்கள் சொன்னதையே சொன்னம், மெசினுக்கு மட்டும் பொய் சொல்ல ஏலாமல் போச்சு. அண்ணை, அந்த ஆராய்ச்சியில சாப்பாடு முழுக்க உங்கட, மாரடைப்பு மட்டும்தான் எங்கட!"